கனடாப் பெட்டியும் கந்தசாமி மச்சானின் பாக்கு உரலும்

கந்தசாமி மச்சான் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதல் முதலாகப் பார்த்தது அந்தக் காலையில்தான்.

மாத்தளையில் எங்கள் வீட்டுக் குசினிக்கும் நடுவறைக்கும் இடையில் ஒரு சின்ன மேசை உண்டு. மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி, அதோடு வயர் பொருத்திய டெலிபோன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மச்சான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் கனடாவில் அவருடைய ஒரே மகன் மோகன்.

“காஞ்ச மொளகா வறுத்ததுக்கா மணி அடிச்சுது?” என்று மச்சான் கேட்டார்.

மோகன் அங்கே தன் அறையில் சம்பலுக்கு மிளகாய் வறுத்திருக்கிறான். புகை மேலே போய், கூரையில் இருந்த மணி அலறி, அந்த மாடி வீட்டில் இருந்த அத்தனை பேரும் போட்ட உடுப்போடு பனியில் இறங்கி நின்றார்களாம். நெருப்பு அணைக்கிற வண்டியும் வந்துவிட்டதாம். கோடாலியோடு ஏறி வந்தவன் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே போனானாம்.

மச்சானுக்குப் பல் கிடையாது. ஈறு தெரியச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து என் தங்கச்சி செல்லம் எட்டிப் பார்த்தாள். அவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தலை நரைத்தவள், அகப்பையும் கையுமாக, யார் வீட்டு ஆளையோ பார்ப்பதுபோல் நின்றாள்.

“அக்கா, இவரு சிரிக்கிறாரு” என்றாள்.

அந்தச் சிரிப்பு அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரப் பத்திரிகைக்குச் சொல்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சாந்தி எழுதுகிறாள், கொஞ்சம் திருத்தியும் விடுகிறாள். பெட்டிக் கதை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். “அத்தே, இதையுமா எழுதணும்?” என்றாள். மோகனிடம் கேட்டேன். “எழுதுங்க பெரியம்மா. அம்மாதான் இப்ப இல்லையே” என்றான்.

தந்தி வந்த காலம்

பெட்டிக்கு முன்னால் கண்ணாடிக் கூண்டுக் கடை. அதற்கும் முன்னால் தந்தி. தந்தியை முதலில் சொன்னால்தான் பெட்டியின் அருமை தெரியும்.

நானும் செல்லமும் பிறந்தது மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில். கொக்கோவும் மிளகும் ரப்பரும் உள்ள தோட்டம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் தந்தி வந்தால் சாவு என்று அர்த்தம். தபால்காரர் நேரமில்லாத நேரத்தில் மேட்டில் ஏறி வருவது தெரிந்தாலே பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிடுவார்கள். வாசிக்க ஆள் வருவதற்குள் பாதி அழுகை முடிந்திருக்கும்.

ஒரு தடவை அடுத்த காம்பராவுக்கு அப்படித் தந்தி வந்தது. அந்த வீட்டுக் கிழவி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். கங்காணி வந்து வாசித்தால், பதுளையில் அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி. எடுத்த ஒப்பாரியை விட மனமில்லாமல் அதே ராகத்திலேயே தாலாட்டைப் பாடி முடித்தாள் அவள். லயமே உட்கார்ந்து கேட்டது.

அந்த லயம் இப்போது இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு கலவரத்தில் எரிந்து போனது. அப்போது நான் கல்யாணம் முடித்து டவுனுக்கு வந்துவிட்டேன். செல்லத்தை எங்கள் மாமன் மகன் கந்தசாமிக்கே கொடுத்திருந்தது. அவர்கள் கொக்கோக் காட்டுக்குள் படுத்துக் கிடந்து, வீடு எரிகிற வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். விடிந்ததும் மச்சான் சொன்ன ஒரே வார்த்தை, “போயிரலாம்.”

வவுனியாப் பக்கம் போனார்கள். அங்கே காட்டை வெட்டி, குடிசை போட்டு, நெல்லும் உளுந்தும் விதைத்தார்கள். மோகன் அங்கேதான் பிறந்தான். மச்சான் இயல்பிலேயே பேசாத ஆள். அங்கே போன பிறகு இன்னும் குறைந்துபோனார் என்று செல்லம் சொல்வாள். காலையில் பாக்கு உரலைத் தட்டுகிற சத்தத்தில்தான் அவர் எழுந்துவிட்டது தெரியுமாம்.

மோகன் வளர்ந்ததும் அந்தப் பக்கத்தில் இளம் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க முடியாத காலம் வந்தது. இருந்த காணியை விற்று, ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து அவனைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். பிறகு சண்டை மறுபடி மூண்டது. செல்லமும் மச்சானும் இரண்டு பைகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒரு பையில் துணி. மற்றதில் மச்சானின் பாக்கு உரலும் செல்லத்தின் சாமி படங்களும்.

வடக்கிலிருந்து வந்து தங்குகிற தமிழர்கள் பதிய வேண்டும் என்பதால் பொலிஸில் போய்ப் பதிந்தோம். ஐடென்டிக் கார்டில் வவுனியா விலாசம் இருந்ததால் பல தடவை போய்வர வேண்டியிருந்தது. மச்சானுக்கு சிங்களம் நன்றாக வரும். இருந்தும் அங்கே போனால் வாயைத் திறக்க மாட்டார். என் மகன் சிவாதான் பேசுவான்.

கண்ணாடிக் கூண்டு

அந்த நாளில் வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைக்குப் போக வேண்டும். ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே போன். போனுக்கு மேலே ஒரு மணிக்கூடு. பேசத் தொடங்கியதும் காசு ஏறுகிற கணக்கு அதில் சிவப்பு இலக்கமாக ஓடும். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த இலக்கம் ஓடுகிற வேகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

மச்சான் மகனோடு பேசுவது அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான்.

“சாப்பிட்டியா. சரி. ஒடம்பப் பாத்துக்க. அம்மாகிட்ட குடுக்கிறேன். வச்சிர்றேன்.”

அம்மாவிடம் கொடுக்காமலேயே வைத்தும்விடுவார். மோகன் அங்கே ஏதாவது சொல்லத் தொடங்கியிருப்பான். மச்சான் வியர்த்துப்போய் வெளியே வருவார், எங்கேயோ திருடிவிட்டு வந்தவர் மாதிரி.

“என்னய்யா சொன்னான்?” என்று செல்லம் கேட்பாள்.

“இருக்கான்.”

இதைக் கேட்டுத்தான் மோகன் அந்தப் பெட்டியை வாங்கி அனுப்பினான். கண்டியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில், சொக்லட்டுக்கும் சம்பூவுக்கும் நடுவில் சுற்றி வந்து சேர்ந்தது. சிவா எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் லைன் எடுத்தான். பெட்டியை அதில் செருகி, பெட்டியில் போனைச் செருகினான். வரிசையாகப் பச்சை விளக்கு எரிந்தது. நான் மேலே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன்.

“அம்மா, அந்த ஓட்டைக்குள்ள குங்குமம் போச்சுன்னா பெட்டி செத்துரும்” என்றான் சிவா.

“சாமிக்குக் குங்குமம் வச்சா சாகுமாடா?”

“இது சாமி இல்லம்மா.”

மணி அடித்தது. மோகன். அந்தப் பெட்டியின் நம்பர் கனடாவில் அவன் ஊர் நம்பராம். அவன் எங்களைக் கூப்பிடுவது அடுத்த தெருவைக் கூப்பிடுவது மாதிரியாம். எத்தனை நேரம் பேசினாலும் ஒன்றுதானாம். நான் அதைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டேன், ரிசீவரைக் கொடுக்கவே மனமில்லை. அடுத்த தெருவில் இருக்கிற பிள்ளையோடு பேசுவதற்கு என்ன அவசரம் என்று, அன்றைக்கு என்ன குழம்பு என்பதிலிருந்து, பக்கத்து வீட்டுப் பலா மரத்தில் எத்தனை பிஞ்சு இருக்கிறது என்பது வரை சொன்னேன்.

மச்சான் நம்பவில்லை. பெட்டியைத் தூக்கிப் பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் பார்த்தார்.

“என்னய்யா தேடுறீங்க?” என்றாள் செல்லம்.

“மணிக்கூடு எங்கயோ ஒளிச்சு வச்சிருப்பானுங்க.”

முதல் கொஞ்ச நாள் அதே “சாப்பிட்டியா, சரி, வச்சிர்றேன்” தான். மோகன் கத்துவான். “அப்பா, வைக்காதீங்க. காசு ஓடாது. சும்மா கையில வச்சிக்கிட்டாவது இருங்க.” அப்படியே கையில் வைத்துக்கொண்டு இருப்பார். அங்கே மோகன் சமைப்பான், பாத்திரம் கழுவுவான். இங்கே மச்சான் பாக்கு இடிப்பார். ஒருவருக்கொருவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இப்படியும் ஒரு பேச்சா என்று சாந்தி வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

பிறகு மெல்ல மெல்ல வாய் திறந்தது. பல்லேபொலப் பக்கம் தோட்டந்தோட்டமாகப் போய் மிளகும் பாக்கும் வாங்கி டவுன் கடைகளுக்குக் கொடுப்பது மச்சானுக்கு அப்போது தொழில். எந்த வீட்டு மிளகு பழுத்திருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும், மழை எங்கே ஏமாற்றியது, எல்லாவற்றையும் மகனுக்குச் சொல்லத் தொடங்கினார். அவனுக்கு அங்கே வேலை முடிந்து வந்த ராத்திரி. எங்களுக்கு விடிந்த காலை. செல்லம் தோசையைப் புரட்டிக்கொண்டே காது கொடுத்திருப்பாள்.

“எங்கிட்ட ஒரு நாளாவது இப்படி மழையப் பத்திச் சொல்லியிருப்பாரா இந்த மனுசன்” என்பாள். கோபம் மாதிரி சொல்வாள். கோபம் இல்லை.

மிளகாய் வறுத்த கதை அந்த நாட்களில் ஒன்றுதான். மோகன் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னான். அங்கே நிலையாகத் தங்குவதற்கு அவனுடைய பேப்பர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

“ஆனா அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒண்ணுன்னா, பேப்பராவது மண்ணாவது. அடுத்த பிளேன்ல வந்துருவேன்.”

“வாயக் கழுவு” என்று மச்சான் வைதார். வைதுவிட்டு மறுபடி சிரித்தார்.

நாலந்தா போன பஸ்

அடுத்த மழைக் காலத்துக்குள் அது நடந்துவிட்டது.

நாலந்தாப் பக்கத்தில் ஒரு வீட்டில் மிளகு காய்ந்து இருக்கிறது என்று காலை பஸ்ஸில் போனார். கையில் ஒரு வெறும் சாக்கு, மடியில் வெற்றிலை. பாக்கு உரலைக் கொண்டு போகவில்லை. “மத்தியானம் வந்துருவேன், சோறு வடிச்ச கஞ்சி எடுத்து வை” என்று செல்லத்திடம் சொன்னார். கஞ்சி ஆடை படிந்து, பிறகு புளித்தது.

பஸ் கண்டக்டரைத் தேடிப் பிடித்தது சிவா. பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாருடைய ஐடென்டிக் கார்டையும் பார்த்திருக்கிறார்கள். இவருடையதைப் பார்த்ததும் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்டக்டர் நல்ல மனுசன்.

“சீயா ஒண்ணும் பேசல தம்பி. சாக்க மட்டும் சீட்லேர்ந்து எடுத்துக்கிட்டு எறங்கினாரு. எங்கள ‘யன்ட’ன்னாங்க. நாங்க வந்துட்டோம்.”

சிங்களத்தில் சீயா என்றால் தாத்தா, யன்ட என்றால் போங்கள். பஸ் போய்விட்டது.

யார் இறக்கினார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். யூனிபோர்ம் உடுப்பு போட்டிருந்தார்கள் என்றார் ஒருவர். போடவில்லை என்றார் இன்னொருவர். ஆட்களைக் கொண்டுபோகிற வெள்ளை வான் நின்றது என்றார்கள், பிறகு அவர்களே நிற்கவில்லை என்றார்கள். நாங்கள் போன இடத்திலெல்லாம் ஒரே பதில். இங்கே இல்லை. அப்படி ஒருவரைக் கொண்டு வரவில்லை. கண்டிக்குப் போனோம். கொழும்புக்குப் போனோம். மச்சானின் கல்யாணப் படத்தைத்தான் எல்லா இடத்திலும் காட்டினோம். வேறு படம் அவர் எடுத்துக்கொண்டதில்லை. படத்தில் கறுத்த மீசையோடு இருக்கும் பையனைப் பார்த்துவிட்டு, “இவருக்கா அறுபது வயசு?” என்று கேட்டார்கள்.

செல்லம் பொட்டை அழிக்கவில்லை. ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த நாட்களில் அப்படிப் பொட்டு வைத்துக்கொண்டு இருந்த பெண்கள் நிறைய. இருக்கிறாரென்று சொல்லவும் ஆளில்லை, இல்லையென்று சொல்லவும் ஆளில்லை.

அவர் போனதற்கு அடுத்த காலையில் பெட்டி மணி அடித்தது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வில்கமுவ

“சொல்லிரலாம் சித்தி. எத்தன நாளைக்கு மறைக்கிறது?” என்றான் சிவா.

செல்லம் ரிசீவரின் மேல் கையை வைத்து அமர்த்திக்கொண்டாள். “சொன்ன அன்னைக்கே அவன் பிளேன் ஏறுவான்டா. ஏறினா எயார்போட்ல அவனையும் கூட்டிட்டுப் போவாங்க. வவுனியாவுல பொறந்தவன். ஒருத்தரத் தேடறதுக்கே எனக்குக் கால்ல தெம்பு இல்ல.”

அது சிவாவுக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து, எயார்போட்டிலிருந்து வீடு வந்து சேரவில்லை. கல்யாணம் மட்டும் நடந்தது.

ரிசீவரை எடுத்து செல்லம் சொன்னாள். “அப்பா வில்கமுவ போயிருக்காரு ராசா. அங்க ஒருத்தர் வயல் பாத்துக்கச் சொல்லிக் கூப்பிட்டாரு. நல்ல மனுசங்க.”

வில்கமுவ எதற்கு அவள் வாயில் வந்தது என்று தெரியாது. ஆனால் பொருத்தமான இடம். தூரம். பஸ் நினைத்தபோதுதான் வரும். போன் எடுக்காது. வயல் உண்டு. மச்சானுக்கு வயல் என்றால் உயிர். மோகன் நம்பினான். சந்தோஷமும் பட்டான்.

“எப்ப வருவாரு?”

“அறுப்பு முடிஞ்சு.”

கண்ணாடிக் கூண்டுக் காலமாக இருந்தால் அறுப்பு முடியும்வரை ஒன்றும் தெரிந்திருக்காது. ‘காசு ஏறுது, வச்சிர்றேன்’ என்று நாமே வைத்துவிடலாம். அந்தச் சிவப்பு இலக்கம் எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டியில் காசு ஏறுவதில்லை. மோகனுக்கு அது நன்றாகத் தெரியும்.

“அப்பா லீவுல வர்ற அன்னைக்கு நான் லைன்லயே இருக்கேன்மா. எத்தன மணி நேரமானாலும் இருக்கேன். பஸ்ஸ விட்டு எறங்கி வர்ற சத்தம் கேட்டாப் போதும்.”

லைனிலேயே இருக்கத் தொடங்கினான். வேலை விட்டு வந்ததும் கூப்பிடுவான். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் வைக்க மாட்டான். எங்கள் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவானாம். நாங்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் திருடர்கள் மாதிரி நடந்தோம். அழ வேண்டுமென்றால் கொல்லைப் பக்கம் போக வேண்டும். தேடிப்போன கதையை சிவா வந்து சொல்ல வேண்டுமென்றால் ரோட்டில் நின்று சொல்ல வேண்டும்.

தாங்க முடியாமல் ஒரு நாள் நான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். விளக்கெல்லாம் அணைந்து பெட்டி ஊமையானது. மறுநாள் கரண்ட் போய்விட்டது என்று சொன்னோம். அது நல்ல வழியாகத் தெரிந்தது. ‘அப்பா எங்கே’ என்ற கேள்வி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் கரண்ட் போனது.

“மாத்தளையில இப்ப இவ்வளவு கரண்ட் கட்டா பெரியம்மா?” என்று மோகன் கேட்டான்.

“அதையேன் கேக்குற. அரிசி மாவு அரைக்க முடியல” என்று பாதி ஊரை ஏசினேன். மின்சாரக்காரர்கள் பாவம், என் வாயில் விழுந்து எழுந்தார்கள்.

தொண்டை

அறுப்புக் காலம் வந்தது, போனது. எந்த வயலையும் அதற்குமேல் அறுக்க முடியாது. “அப்பா வந்துட்டாரு” என்று செல்லம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அடுத்து அவன் என்ன கேட்பான் என்று யோசித்தாள்.

“குடுங்க” என்றான் மோகன்.

“தொண்டையில புண்ணு ராசா. கண்டி டொக்டர் பாத்தாரு. கொஞ்ச நாளைக்கு வாயே தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு.”

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு சொன்னான், “பேச வேணாம். பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. நான் பேசுறேன், அவரு கேக்கட்டும். அப்பாவுக்குத்தான் அது பழக்கமாச்சே.”

செல்லம் என்னைப் பார்த்தாள். ரிசீவரை மேசைமேல் வைத்தாள். மச்சானின் பாயைச் சுருட்டி வைத்திருந்த மூலைக்குப் போய், பாக்கு உரலை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். இரும்பு உரல், உள்ளங்கை அகலம். அதற்கு ஒரு சின்ன உலக்கை. அவர் கடைசியாக இடித்த பாக்கின் தூள் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் இடிக்கவில்லை. அவளுடைய கை அந்த உலக்கையைத் தொடவில்லை. இடி என்று எனக்குக் கையால் காட்டினாள்.

நான் ஒரு பாக்கைப் போட்டு இடித்தேன். டொக் டொக் டொக். ரிசீவருக்குள்ளிருந்து மோகன் பேசுவது ஈ முனகுவது மாதிரிக் கேட்டது. அங்கே பனி பெய்வதைச் சொன்னான். வேலை செய்யும் இடத்தில் பெட்டி அடுக்குவதைச் சொன்னான். புதுச் சப்பாத்து வாங்கியதைச் சொன்னான். அப்பாவுக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறானாம், வரும்போது கொண்டு வருவானாம். நான் இடித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. இடித்த பாக்கை என்ன செய்வதென்று தெரியாமல் கொல்லையில் வாழைக்கு அடியில் கொட்டினேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் எனக்கு அந்த வேலை. சாந்தி சோறு வடிப்பாள், செல்லம் பேசுவாள், நான் பாக்கு இடிப்பேன். டவுனில் பாக்கு வாங்கப் போனால் கடைக்காரர், “என்னம்மா, நீங்களும் தொடங்கிட்டீங்களா?” என்று கேலி செய்வார்.

“வயசு போகுதுல்ல மொதலாளி” என்பேன்.

வெள்ளிக்கிழமை

செல்லம் வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் போன பிறகு மணி அடித்தது. சிவாவும் சாந்தியும் வீட்டில் இல்லை. நான் எடுத்தேன். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் உலக்கை. பழக்கத்தில் இடிக்கவும் தொடங்கிவிட்டேன்.

“பெரியம்மா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“கோயிலுக்குப் போயிருக்கா. அப்பா இருக்காரு, இந்தா பாக்கு இடிக்கிறாரு, கேக்குதா?”

“கேக்குது.”

நான் இடித்தேன்.

“பெரியம்மா, அப்பா அப்படி இடிக்க மாட்டாரு.”

உலக்கை என் கையில் நின்றுவிட்டது.

“நீங்க மொளகா இடிக்கிற மாதிரி ஒரே சீரா இடிக்கிறீங்க. அவரு கொஞ்சம் இடிச்சிட்டு, ஒலக்கையத் தூக்கி விளிம்புல ஒரு தட்டுத் தட்டுவாரு. ஒட்டியிருக்கிற தூள் விழறதுக்கு. அப்புறம் லேசாக் கனைப்பாரு. சின்ன வயசுல நான் அந்தத் தட்டு கேட்டுத்தான் எந்திரிப்பேன்.”

பிளக் எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பிடுங்கவில்லை.

“எப்ப தெரியும் ஒனக்கு?”

“மொதல் நாளு கரண்ட் போச்சுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே என்னமோ இருக்குன்னு தெரியும். உரல் சத்தம் கேட்ட அன்னைக்குத் தெளிவாயிருச்சு.” மூச்சை இழுத்தான். “இருக்காரா பெரியம்மா?”

“தெரியலடா.”

“செத்துட்டாரா?”

“அதுவும் தெரியல. பஸ்ஸிலேர்ந்து எறக்கினாங்க. அதுக்கு மேல ஒருத்தருக்கும் தெரியல. தேடாத எடம் இல்ல.”

அவன் அழுதான். இந்தப் பெட்டியில் எல்லாம் துல்லியமாகக் கேட்கும். பழைய போனாக இருந்தால் இரைச்சலில் பாதி மறைந்திருக்கும். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வைக்கவும் முடியாது, காசு ஏறுகிறது என்று சொல்லவும் முடியாது. அவன் அழுது முடியும்வரை நின்றேன்.

“நான் வர்றேன் பெரியம்மா.”

“வராதே.”

“எப்படி இருக்கச் சொல்றீங்க இங்க?”

“நீ வந்தா ஒனக்கும் சேத்து நான் இடிக்கணும்டா. எங்கிட்ட ரெண்டு உரல் இல்ல.”

அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து முகம் கழுவினான். திரும்பி வந்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது, வயது கூடியவன் மாதிரி.

“அம்மாவுக்கு நான் தெரிஞ்சிக்கிட்டது தெரிய வேணாம். எனக்காகத்தான் அவங்க தைரியமாப் பேசுறாங்க. தெரிஞ்சிருச்சுன்னா விழுந்துருவாங்க.”

“சரி.”

“உரல நிறுத்திராதீங்க. நிறுத்தினா அம்மா வேற ஒண்ணு சொல்ல வேண்டி வரும்.”

“சரிடா.”

“பெரியம்மா, இடிக்கிறப்ப விளிம்புல தட்டுங்க. அம்மாவும் அத்தன வருசமா அதக் கேட்டவங்கதானே.”

தட்டிக் காட்டினேன். அவன் அங்கிருந்து திருத்தினான். இன்னும் மெதுவா. ஒலக்கையச் சாய்ச்சுப் பிடிங்க. ஆங், அதுதான். அப்புறம் கொஞ்சம் நிறுத்துங்க, அந்த எடத்துலதான் கனைப்பாரு. அப்பனுடைய சத்தத்தை மகன் கனடாவிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் மாத்தளையில் தரையில் உட்கார்ந்து பழகினேன்.

கேட் சத்தம் கேட்டது. செல்லம் வந்தாள். நெற்றியில் விபூதி, அதற்குக் கீழே பெரிய குங்குமப் பொட்டு. கையில் தேங்காய் மூடி. போன் வந்திருக்கிறதென்று தெரிந்ததும் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துச் சரிசெய்துகொண்டாள், மகன் பார்த்துவிடுவான் என்பது மாதிரி. ரிசீவரை என்னிடமிருந்து வாங்கினாள்.

“ராசா, சாப்பிட்டியா? அப்பாவா? இந்தா இருக்காரு. இன்னைக்குக் கொஞ்சம் தேவல. கோயில்ல ஒன் பேருக்கு அர்ச்சன பண்ணினேன். அப்பா பேருக்கும்தான்.”

மோகன் என்ன சொன்னானோ, அவள் சிரித்தாள். எனக்குக் கையால் காட்டினாள்.

நான் உரலை மடியில் இழுத்துக்கொண்டு இடித்தேன். கொஞ்சம் இடித்துவிட்டு, உலக்கையைச் சாய்த்து விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். நிறுத்தினேன்.

செல்லம் பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. ரிசீவர் காதிலேயே இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.